கேபிளின் அந்தப் பக்கம்

பிடுங்கிய கையோடு அசையாமல் நிற்கிறார் கேபிள்காரர். விரல்களுக்கிடையில் சாம்பல் நிறக் கேபிளின் நுனி. காது கூரையைப் பார்த்திருக்கிறது. மேலே எங்காவது ஒரு கதவு திறந்து, "யோவ், நெட் போச்சுய்யா!" என்று யாராவது கத்தினால் அந்தக் கேபிளுக்கு உயிர் இருக்கிறது என்று பொருள். மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்பச் சொருகி, அதன் கழுத்தில் ஒரு சீட்டு ஒட்டுவார். யாரும் கத்தாவிட்டால் செத்த கேபிள். வெட்டி மூட்டை கட்டிவிடுவார்.

"சத்தம் வரலைன்னா சந்தோஷம்" என்பார்.

மருத்துவமனையின் நிலவறையில் இருந்த பழைய கணினி அறையைக் காலி செய்யும் வேலை. அறைக்கு நேர் மேலே சலவைப் பிரிவு. அங்கிருந்து சொட்டும் தண்ணீருக்காக, லட்சக்கணக்கானவர்களின் நோயைத் தலையில் சுமக்கும் சர்வர்கள் மீது பிளாஸ்டிக் விரிப்புப் போட்டு வைத்திருந்தார்கள். எதிரில், இவற்றை மாற்றுவதற்கான புதிய அறை கட்டி முடிந்தது. வெள்ளைச் சுவர், கண்ணாடிக் கதவு, எலும்பை நடுக்கும் குளிர். அந்தக் குளிரில் பாதியைப் பொது வார்டுக்குக் கொடுத்தால் நோயாளிகள் விசிறிக்கொள்ளாமல் தூங்குவார்கள். ஆனால் இயந்திரத்துக்கு வியர்த்தால் உடனே கூட்டம் போடுகிறார்கள். மனிதனுக்கு வியர்த்தால் அதைக் காய்ச்சல் என்கிறார்கள்.

நோயாளிகள் படுத்திருக்கும் பக்கம் பிடுங்கிப் பார்க்கும் வித்தைக்குத் தடை. கணக்குப் பிரிவு, கிடங்கு, நிர்வாகம் என்றால் தாராளம். அதிலும் நிர்வாகத்தின் கேபிளைப் பிடுங்கினால் கத்தல் வர அரைநாள் ஆகும். வேலை நின்றது அங்கே அவ்வளவு சீக்கிரம் யாருக்கும் தெரிவதில்லை. ஒருமுறை அங்கிருந்து ஒருவர் இறங்கிவந்து, "கீழ என்னய்யா புடுங்கிக்கிட்டு இருக்கீங்க?" என்று சீறினார். கேபிள்காரர் கையில் இருந்ததை மரியாதையாகத் தூக்கிக் காட்டினார். "இதைத்தான் சார்."

ஐம்பதைத் தாண்டியவர். சட்டைப் பையில் சீப்பு இருக்க வேண்டிய இடத்தில் கம்பி சீவும் கத்தி. எதையும் இறுக்கிக் கட்டமாட்டார். "இறுக்கினா மூச்சு முட்டும்" என்பது கேபிள் கட்டுகளுக்கு அவர் சொல்லும் விதி. இடுப்புப் பட்டைக்கும் அதே விதி என்பதால், நடக்கும்போதெல்லாம் ஒரு கை கால்சட்டையை மேலே இழுத்துக்கொண்டிருக்கும். அவரும் சுவரில் துளை போடும் கூட்டாளியும் ஒருவரையொருவர் பங்காளி என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். சொத்து எதுவும் இல்லாததால் சண்டையும் இல்லை.

பழைய அறையின் சிக்கலைப் பார்த்துப் பயந்த மேலாளர், "இந்தக் கண்றாவியை யாருங்க போட்டது?" என்று கேட்டார்.

"நான்தான் சார். அப்போ என்னைத் திட்ட ஆள் இல்ல."

முதன்முதலாகக் கட்டியபோது அவசரம். சீட்டுகளை நாளைக்கு ஒட்டிக்கொள்ளலாம் என்று விட்டார். அந்த நாளை வரவே இல்லை.

தொழிலில் அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. கேபிளின் மறுமுனை எந்த அறைக்குப் போகிறது என்பது வரை சரி; அங்கே யார் உட்கார்ந்திருக்கிறார்கள், யார் படுத்திருக்கிறார்கள் என்று கேட்கமாட்டார். மாடிக்குப் போகவும் மாட்டார். "அந்தப் பக்கம் யாருன்னு தெரிஞ்சா கை நடுங்கும் பங்காளி. நமக்கு நம்பர் போதும்."

அந்த வாரம் அவருக்குத் தெரிந்துவிட்டது. தீவிரக் கவனிப்புப் பிரிவின் நான்காவது படுக்கையில், இதய அறுவை முடிந்து, அவருடைய அக்கா.

அறுவைக்கு முன்னால் பார்க்கப் போனபோது அக்கா தம்பியை மேலும் கீழும் பார்த்தாள். "இங்கதான் வேலையா? டாக்டர் மேல எனக்கு நம்பிக்கை இருக்குடா. நீ கீழ எதையாவது புடுங்கி வைக்காம இருந்தாலே நான் பொழச்சுக்குவேன்."

பக்கத்தில் இருந்த மாமா சிரித்தார். இவரும் சிரித்தார். அன்று இவர் சாப்பிடவில்லை என்று பங்காளி சொன்னார்.

கடைசியாக மிஞ்சியது அந்தப் பிரிவின் கேபிள்தான். ஒவ்வொரு படுக்கைக்கும் அருகில் இருக்கும் கருவி தன்பாட்டுக்கு ஓடும், அதற்கு ஆபத்தில்லை. ஆனால் எல்லா இதயங்களையும் ஒரே இடத்தில் காட்டும் பெரிய திரை ஒன்று செவிலியர் மேசையில் உண்டு. கேபிளை மாற்றும் சில நிமிடங்கள் அது இருண்டு கிடக்கும். சுவரிலிருந்து வந்த சாம்பல் கேபிள்கள் இரண்டில் எது அந்தப் பிரிவுடையது என்றும் தெரியவில்லை. கண்டுபிடிக்கும் கருவியை வைத்தால் இரண்டிலும் ஒரே மாதிரி கூவியது. சீட்டு ஒட்டாமல் விட்ட புண்ணியவான் எதிரிலேயே நின்றார்.

"வேற ஆளை வெச்சுப் பண்ணிக்கலாமே" என்றார் மேலாளர், தரையைப் பார்த்துக்கொண்டு.

"வேற ஆள் ரெண்டையும் புடுங்குவான் சார்."

கூட்டம் நடந்தது. பிஸ்கட் வந்தது. செவிலியர் முறை மாறும் மதிய நேரம் என்று முடிவானது. அப்போது போகிறவர்களும் வருகிறவர்களும் சேர்ந்து இருப்பார்கள். படுக்கைக்கு ஒருவர் நின்று நாடியைப் பிடித்துக்கொள்ளலாம். ஒன்றைப் பிடுங்கியதும் திரை இருண்டால் மேசைத் தொலைபேசியிலிருந்து கீழே சொல்ல வேண்டும். இருட்டு என்று தகவல் வந்ததும், நுனியைப் புதிய அறைக்குப் போகும் இணைப்பில் சொருக வேண்டும். எல்லாரும் தலையாட்டினார்கள்.

மதியம் அவர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பிடுங்கினார்.

சத்தம் வரவில்லை.

தொலைபேசி அடிக்கவில்லை. பங்காளி இங்கிருந்து மேசைக்கு போன் போட்டார். மணி போய்க்கொண்டே இருந்தது. கத்தல் வந்துவிடக் கூடாதே என்று வாழ்நாளெல்லாம் நின்றவர், ஒரு கத்தலுக்காகக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தவறான கேபிளாக இருந்தால் வேறு யாருடைய எதையோ நிறுத்திவிட்டார். சரியான கேபிளாக இருந்தால், இருண்ட திரையை ஒருவரும் பார்க்கவில்லை.

"திரும்பச் சொருகிடவா?" என்றார் பங்காளி.

"தொடாதே. திரும்பச் சொருகினா எதுன்னே தெரியாமப் போயிரும், மறுபடியும் புடுங்கணும். நீ விடாமப் போட்டுக்கிட்டே இரு."

நுனியைப் பங்காளி கையில் கொடுத்துவிட்டு ஓடினார். கால்சட்டையைப் பிடித்தபடி அந்த வயதில் படியேறி ஓடுகிறவரைப் பார்த்து, வழியில் இருந்தவர்கள் ஏதோ சாவு என்று ஒதுங்கினார்கள். கதவுக்கு வெளியே பெஞ்சில் இருந்த மாமா எழுந்து, "என்ன மாப்ள? என்ன ஆச்சு?" என்றார். அவர் நிற்காமல் கதவைத் தள்ளினார்.

உள்ளே செவிலியர் மேசை காலியாக இருந்தது. திரை கறுப்பு. தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது. படுக்கைக்கு ஒருவர் என்று ஒப்புக்கொண்டபடி எல்லாரும் அவரவர் படுக்கையருகே, நோயாளியின் மணிக்கட்டைப் பிடித்தபடி, நகர முடியாமல் நின்றிருந்தார்கள். மேசைக்கு யார் என்று அந்தக் கூட்டத்தில் ஒருவரும் கேட்டிருக்கவில்லை. இவரும் கேட்கவில்லை.

தொலைபேசியை எடுத்தார்.

"ஹலோ? யாருங்க? இருட்டா, இல்லையா?" பங்காளியின் குரல் அந்த அமைதியில் எல்லாருக்கும் கேட்டது.

அவர் நான்காவது படுக்கையைப் பார்த்துவிட்டார். வாயிலும் மூக்கிலும் குழாய்கள், நெஞ்சில் கட்டு. தொலைபேசியைக் காதில் வைத்தபடியே அந்தப் பக்கம் ஓரடி வைத்தார்.

"ஹலோ! யாராவது கத்துங்களேன்யா!"

அக்காவின் மணிக்கட்டை விடாமலே அங்கிருந்த செவிலி திரும்பினாள். "அண்ணே, இருட்டுன்னு சொல்லுங்க. உங்க அக்காவுக்கு ஒண்ணுமில்ல, நான் எண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன். சொல்லுங்கண்ணே, எனக்குக் கை மரத்துப்போச்சு."

"இருட்டு" என்றார். பிறகு, "சொருகு."

திரை ஒருமுறை மினுக்கி, எல்லா இதயங்களையும் வரிசையாகக் காட்டியது. செவிலியர்கள் ஒவ்வொருவராகக் கையை எடுத்தார்கள். ஒருத்தி விரல்களை உதறிக்கொண்டாள். கீழே பங்காளி, "வந்துச்சா? வந்துச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருக்க, அவர் தொலைபேசியை மேசைமேல் அப்படியே வைத்தார். படுக்கையருகே போனார். செவிலி நகர்ந்து இடம் கொடுத்தாள்.

தூக்கத்தில் இருந்த அக்காவின் கையைத் திருப்பி, நாடி எந்த இடத்தில் என்று தெரியாமல் தடவித் தேடி, ஓரிடத்தில் இரண்டு விரல்களை வைத்தார். அழுத்தவில்லை. பின்னால் திரையில் எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.