நாவல்பழ நிறத்துச் சேலஞ்சர்

சில்வியாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. கற்றுக்கொள்ள வேண்டும் என்று அவள் நினைத்ததும் இல்லை. அதியமான்கோட்டையிலிருந்து டவுன் பஸ்ஸில் தருமபுரிக்குப் போய், அங்கே ஒரு மாடியில் இருக்கும் பல் லேபில் வேலை பார்த்துவிட்டு, மறுபடி டவுன் பஸ்ஸிலேயே திரும்பி வருகிறவள். டாக்டர்கள் எடுத்தனுப்பும் அச்சைப் பார்த்து ஊரார் வாய்க்குப் பல் செய்துகொடுப்பது அவள் வேலை. பேச்சு குறைவு. கை மட்டும் ஓயாது.

கார் அவள் வீட்டுக்குள் வந்தது வேறொருவர் தவறால். கல்யாணமாகி ஐந்தாம் வருஷம், கணவன் ஆரோக்கிய பிரவீனின் பெரியப்பா மகன் கனடாவிலிருந்து வந்தான். இந்நேரம் வீட்டில் ஒரு பையன் இருப்பான் என்று அவனாக நினைத்துக்கொண்டு ஒரு அட்டைப்பெட்டி வாங்கி வந்திருந்தான். பையன் இல்லை என்று தெரிந்ததும், யார் கையில் கொடுப்பது என்று விளங்காமல் பிரிட்ஜின் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டான். பெட்டி மாதக்கணக்கில் அங்கேயே கிடந்தது. மாமியார் ராயம்மாள் அதன்மேல் கீரைக்கட்டு வைப்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்த சில்வியா சேலையைக்கூட மாற்றாமல் அதைத் திறந்து பார்த்தாள்.

உள்ளே கார் இல்லை. கார் ஆகவேண்டிய பிளாஸ்டிக் துண்டுகள் இருந்தன. இன்ஜின் பாதியாக, கதவு தனியாக, ஸ்டியரிங் சட்டைப் பித்தான் அளவில். அமெரிக்காக்காரர்கள் ஐம்பது வருஷத்துக்கு முன்னால் ஓட்டிய, முரட்டு இன்ஜின் வைத்த கார் அது. மஸில் கார் என்பார்கள். நிஜக் காரை இருபத்தைந்தில் ஒரு பங்காகச் சுருக்கியிருந்தது. வெட்டி, ராவி, ஒட்டி, வர்ணம் பூச வேண்டும். லேபில் பகலெல்லாம் செய்கிற வேலைதான். ஆனால் இதை யாரும் வாயில் போட்டுக் கடித்துப் பார்த்து, உயரமாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பப்போவதில்லை. அது அவளுக்குப் பிடித்திருந்தது.

முதல் கார் சுமாராகத்தான் வந்தது. இணையத்தில் வரவழைத்த இரண்டாவதில் சீட்டு பெல்ட் வைத்தாள். பழைய கேசட் நாடாவில் பட்டை, பல்லுக்குக் கட்டும் கம்பியில் கொக்கி. மூன்றாவதில் இன்ஜினுக்கு ஒயர் இழுத்தாள். டயரை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்தால், ஓடிய டயர் மாதிரி ஆகிவிடும் என்று அவளாகவே கண்டுபிடித்தாள். பிரவீன் ஓசூரில் ஷிப்டு வேலைக்குப் போகிறவன். வந்தால் சாப்பிட்டுவிட்டுத் தூங்குவான். "நல்லாருக்குது" என்பான். எந்தக் காரைக் காட்டினாலும் அதே சொல்தான்.

ஊர் வேறு மாதிரி சொன்னது. பிள்ளை இல்லாதவள் பொம்மைக் காரை வைத்து மனதைத் தேற்றிக்கொள்கிறாள் என்றது. சில்வியா இதைக் கேட்டிருக்கிறாள். பிள்ளைக்காகச் சேலத்துக்கும் பெங்களூருக்கும் அலைந்ததும் அழுததும் உண்டு. ஆனால் அந்த அழுகையும் இந்தக் காரும் அவளுக்குள் வேறுவேறு அறையில் இருந்தன. அதை யாருக்கும் விளக்கப் போகவில்லை. ராயம்மாள்தான் கூனிக்குறுகினாள். உறவுக்காரர்கள் வந்தால் கார்கள் இருக்கும் கண்ணாடி அலமாரிக்கு முன்னால் துணிக்கொடியை இழுத்துக் கட்டிவிடுவாள்.

ஏழாவது கார், சேலஞ்சர் என்று பேர் வைத்த எழுபதாம் வருஷத்து மாடல். அதற்கு அவள் ஒரு வருஷத்துக்கு மேல் எடுத்துக்கொண்டாள். அந்தக் காருக்கென்று ஒரு கத்தரிப்பூ நிறம் உண்டு. கடையில் வாங்கியது எதுவும் ஒத்துவரவில்லை. நீலத்தில் சிவப்பை ஊசிமுனையளவு சேர்த்துச் சேர்த்து, கடைசியில் நன்றாகப் பழுத்த நாவல்பழத்தின் தோல் மாதிரி ஒரு நிறத்தைப் பிடித்தாள். பூசிக் காயவைத்து மெருகேற்றியபோது டியூப்லைட் அதன் பானெட்டில் ஒரே கோடாக விழுந்தது.

அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்குப் பங்குக் கோயிலில், வீட்டுக்கு வீடு வந்து பார்த்துப் பரிசு தரும் குடில் போட்டி வைத்தார்கள். பக்கத்து வீட்டு வியாகுலத்தின் மகள் பெங்களூரிலிருந்து பேட்டரி ரயில் ஒன்று கொண்டுவந்தாள். மாட்டுக்கொட்டகையையும் மூன்று ராஜாக்களையும் சுற்றிச் சுற்றி அது ஓடியது. தெருவே போய்ப் பார்த்தது. ராயம்மாளும் போய்ப் பார்த்தாள். வியாகுலத்தின் மனைவி திரேசா வாசல்வரை வந்து வழியனுப்பினாள்.

"உங்க வூட்டுக் குடில்ல என்னங்க புதுசா?" என்று கேட்டாள்.

ராயம்மாள் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

மறுநாள் மாலை சில்வியா வேலை முடிந்து வந்தபோது வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. உள்ளே பங்குச் சாமியாரும் இளையோர் குழுவும் குடிலைச் சுற்றி நின்றிருந்தார்கள். முளைவிட்ட ராகிப் பயிருக்கு நடுவே மணல் பரப்பிய பாதை. அதில் ஒட்டகத்துக்கு முன்னால், கொட்டகைக் கூரையில் தொங்கிய குண்டு பல்புக்கு நேர் கீழே, சேலஞ்சர் நின்றிருந்தது.

"எங்க வாங்குனீங்கம்மா?" என்று சாமியார் கேட்டுக்கொண்டிருந்தார்.

"வாங்கலீங்க சாமி. என் மருமவ செஞ்சது. கதவு, சீட்டு, எல்லாமே அவ கைதான்" என்றாள் ராயம்மாள். அப்படி ஒரு குரலை சில்வியா அவளிடம் அதுவரை கேட்டதில்லை.

ஆனால் அந்த நேரத்தில் சில்வியா பார்த்தது காரின் கூரையை. பல்புச் சூட்டில் அது இளகி, நடுவில் குழிந்து, பின்கண்ணாடியை இழுத்துக்கொண்டு கீழே இறங்கியிருந்தது. ராகிக்குத் தெளித்த தண்ணீர் சேறாகித் தெறித்துப் பக்கவாட்டில் காய்ந்திருந்தது. யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், இரண்டு கையாலும் காரை எடுத்தாள். ஒட்டகம் ஒன்று சாய்ந்தது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

முதல் பரிசு ரயிலுக்குப் போனது. ராயம்மாளுக்கு ஆறுதல் பரிசாக ஒரு பிளாஸ்டிக் வாளி கிடைத்தது. அவள் அதை எடுத்துப் புழங்கவில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் பேச்சு பிரவீன் வழியாக நடந்தது. "சோறு ஆக்கியாச்சுன்னு சொல்லுடா" என்பாள் அம்மா. "வர்றேன்னு சொல்லுங்க" என்பாள் மனைவி. மூவரும் நிற்பது ஒரே அடுப்படியில். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு அவன் வேலைக்குக் கிளம்பிவிடுவான். சில்வியாவுக்குக் கோபம் இருந்தது. அதற்குள்ளேயே, சாமியாரிடம் பேசிய ராயம்மாளின் அந்தக் குரல் ஒரு முள்ளாகக் கிடந்தது. கோபத்தை முழுசாக வைத்துக்கொள்ள அது விடவில்லை.

பொங்கல் நெருங்கும்போது ராயம்மாளே, சில்வியா கார் செய்யும் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அது சரியாவுமா?"

"ஆவாதுங்க அத்தை. கூரையை அறுத்துத்தான் எடுக்கணும்."

"கூரை இல்லாம அது காரா?"

"கூரை இல்லாத சேலஞ்சரும் உண்டுங்க. கம்பெனிக்காரனே வித்திருக்கான்."

ராயம்மாள் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"என்னைக் கேக்காம எதுக்குங்க எடுத்தீங்க?" என்றாள் சில்வியா. "குடில்ல காரு எதுக்கு? ஏசு பொறந்தப்ப காரு ஏது?"

"ரயிலு மட்டும் இருந்துச்சா?"

சில்வியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள்.

"திரேசா கேட்டா, உங்க வூட்ல என்னன்னு" என்றாள் ராயம்மாள். "அவளுக்குப் பேரன் பேத்தி, ரயிலு, எல்லாம் இருக்குது. நம்ம வூட்ல காட்டறாப்புல என்ன இருக்குதுன்னு யோசிச்சேன். இதுதான் இருந்துச்சு."

அந்தப் பேச்சில் தன்னைக் குத்துவது எது, தனக்குக் கொடுப்பது எது என்று பிரித்தெடுக்க சில்வியாவால் முடியவில்லை. சிறு ரம்பச் சக்கரத்தைக் கை மோட்டாரில் பூட்டி, முன்கண்ணாடிச் சட்டத்தை மட்டும் விட்டு, கூரையை அறுத்தாள். தூள் பறந்தது. ராயம்மாள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள், எழுந்து போகவில்லை.

மீதி வேலைக்கு இரண்டு மாதம் ஆயிற்று. பின்சீட்டுக்குப் பின்னால் மடித்து வைத்த துணிக்கூரை தெரிய வேண்டும். பல் சிகிச்சையின்போது வாயில் விரிக்கும் மெல்லிய ரப்பர்த் தாளை மடித்து ஒட்டி, கருப்படித்து, பவுடர் தடவினாள். பார்த்தால் துணியேதான். கூரை போனதில் ஒரு மாற்றம் வந்தது. வெளியே தெரியாது என்று தெரிந்தே அவள் உள்ளே செய்துவைத்திருந்த தையல்கோடு, பெடல், கியர் குமிழ் எல்லாம் இப்போது மேலிருந்து பார்த்தாலே தெரிந்தன. படத்தை இணையத்தில் கார் செய்கிறவர்கள் கூடும் குழுவில் போட்டாள். கூரைத்துணி எந்தச் சரக்கு என்று எங்கிருந்தோ ஒருவர் கேட்டார். பல் டாக்டர் ரப்பர் என்று எழுதினாள். அவர் நம்பினாரோ என்னவோ, மறுபடி எழுதவில்லை.

அடுத்த காருக்கான துண்டுப் பெட்டி வைகாசியில் வந்தது. வர்ணம் பூசுமுன் துண்டுகளைச் சோப்புத் தண்ணீரில் அலசி எண்ணெய்ப் பசை போக்க வேண்டும். சில்வியா குழாயடியில் உட்கார்ந்திருந்தாள். அடுப்படியிலிருந்து ராயம்மாள் கத்தினாள்.

"டீ வடிகட்டி எங்கடி போச்சு?"

"எங்கிட்டத்தாங்க இருக்குது. பொடி சாமானெல்லாம் ஓடிப்போயிரும், அதான் எடுத்தேன்."

"அப்ப டீயை நான் எதுல வடிக்கட்டும், உன் காரு டயர்லயா?"

இதோ முடிந்தது என்று சொல்லிக்கொண்டே சில்வியா இன்னொரு பிடி துண்டுகளை வடிகட்டியில் அள்ளிப் போட்டாள்.