சம்மாட்டியின் கதிரை போன வழி

சென்ற கிழமை யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு மண்டபத்துக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். சமூக அரங்கு பற்றிய பயிலரங்காம். வாசலில் புதுப் பதாகையின் பிளாஸ்டிக் நாற்றம் தலையிடி தந்தது. உள்ளே குளிரூட்டி. கதிரைகளுக்கு வெள்ளைச் சட்டை போட்டு முதுகில் ஊதா நாடா கட்டியிருந்தார்கள். வளர்ந்த பிள்ளைகள் வட்டமாக நின்று, கண்ணை மூடிக்கொண்டு, மரமாக மாறிக்கொண்டிருந்தார்கள். மரமாகி யாருக்கு என்ன பயன் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் தேநீரும் கட்லட்டும் வந்துவிட்டன. நானும் மனிதன்தானே.

கண்ணாடி போட்ட ஒரு தம்பி, விரிவுரையாளராம், பக்கத்தில் வந்து இருந்தார்.

"ஐயா, மக்களிட்டைப் போறதுக்கு உங்கடை அணுகுமுறை என்ன?"

"படலையைத் தட்டிறது."

அவர் சிரித்தார். நான் பகிடி விட்டதாக நினைத்துவிட்டார். வாழ்க்கையில் ஒரு வீட்டுப் படலையையும் தட்டாதவர் என்பது அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். வாத்தியார் என்னைக் கைவிட்டாரா, நான் அவரைக் கைவிட்டேனா என்பது இன்னும் தீராத வழக்கு. சைக்கிள் கடையில் ரியூப் ஒட்டியபடிதான் நாடகம் பழகினேன். ஆனால் நண்பரே, யாழ்ப்பாணப் பட்டினத்தில் நான் நாடகம் போடாத ஒழுங்கையைக் காட்டுங்கள் பார்ப்போம். மேடை இல்லை, திரை இல்லை, ஒலிபெருக்கி இல்லை. என் தொண்டைக்கு ஒலிபெருக்கி எதற்கு? அதைத்தான் என் மனைவி இன்றும் குறையாகச் சொல்கிறாள்.

கதிரையும் நான் வாடகைக்கு எடுத்ததில்லை. எந்த ஒழுங்கையில் நாடகமோ அந்த ஒழுங்கை வீடுகளில்தான் எல்லாச் சாமானும் இரவல். ஒரு வீட்டில் தண்ணிச் சருவம், அடுத்த வீட்டில் சீலை, அதற்கடுத்த வீட்டில் இருக்க வாங்குப் பலகை. குறிப்பாக யாரை நாடகத்தில் கிழிக்கப் போகிறேனோ அவர் வீட்டில் மிக நல்ல சாமானாகப் பார்த்துக் கேட்பேன். நாடகம் பார்க்க வராதவனும் தன் சாமானைப் பார்க்க வருவான். எங்கள் சனத்தின் குணம் அது. இதை எந்தப் பயிலரங்கிலும் சொல்லித் தரமாட்டார்கள். அவர்கள் மரமாகட்டும்.

கடற்கரைப் பக்கம் ஒரு ஒழுங்கை. கருவாட்டு மணம் சட்டைக்குள் ஏறினால் மூன்று தோய்ச்சலுக்கும் போகாது. போரில் இடம்பெயர்ந்த சனம் திரும்பி வந்து குடியேறியிருந்த காலம். ஒழுங்கை முடிவில் ஒரு சம்மாட்டியின் பெரிய வளவு. நாலு வள்ளமும் வலையும் வைத்திருந்த மனிதர். நாலு வள்ளம் இருந்தால் கடலும் தன் சொத்து என்று நினைக்கிற ஆள். வெளிநாட்டு மகன் அனுப்பிய காசில் வளவைச் சுற்றி மதில் எழுப்பினார். அந்த வளவுக்குள்ளால்தான் சனம் காலகாலமாகக் கரைக்குப் போய் வந்தது. காணி உறுதியில் வழி என்று ஒன்று இல்லையாம். காகிதம் கையில் இருந்தால் சிலருக்குக் கண் தெரியாது.

மதிலால் அழிந்து போனவள் றெஜினா. தலையில் கடகம் வைத்து மீன் விற்கிறவள். ஒரு காலில் செல் விழுந்த காயம், மடங்காது. விடிய வள்ளம் கரை தட்டும்போது அங்கே நிற்கிறவளுக்குத்தான் நல்ல மீன். தேவாலயத்தடியால் சுற்றி இவள் இழுத்து இழுத்துப் போய்ச் சேர, மிஞ்சுவது சில்லறை மீன். மற்றப் பெண்களும் சுற்றித்தான் போனார்கள். ஆனால் அவர்களுக்குக் கால் இருந்தது. இப்படியே போனால் வியாபாரத்தை விடவேண்டியதுதான் என்று என்னிடம் சொன்னாள். வீட்டில் உழைக்க வேறு ஆள் இல்லை.

ஒழுங்கை ஆம்பிளைகள் என்ன செய்தார்கள்? சந்தியில் நின்று கதைத்தார்கள். அதில் அவர்கள் வலு கெட்டிக்காரர்.

நான் சம்மாட்டியின் படலையைத் தட்டினேன். அவருடைய தகப்பன் காலத்துக் கருங்காலிக் கதிரையைக் கேட்டேன். நாடகத்தில் ராசா இருக்கிற கதிரை என்றேன். முகம் மலர்ந்தது.

"கவனம் காணும். ஒரு கீறல் விழுந்தாலும் உம்மைத்தான் பிடிப்பன்."

பின்னேரம் நாடகம். கதை சின்னது: ராசாவுக்குக் கடற்காற்று வாங்க ஆசை, கதிரையைக் கரைக்குக் கொண்டுபோக வேண்டும். ராசா நான்தான். வயிற்றை எக்கினாலும் கிரீடம்தான் நின்றது, வேட்டி நிற்கவில்லை. நாலு பேர் கதிரையைத் தூக்கினார்கள். மதிலில் போய் முட்டினோம். திரும்பினோம். முன்னுக்கு றெஜினா, தலையில் கடகத்தோடு. தினமும் நடக்கிற மாதிரியே நட என்று மட்டும்தான் அவளுக்குச் சொல்லியிருந்தேன். ஊருக்குச் சொன்ன சட்டம் ஒன்றே ஒன்று: ஒருவரும் அவளை முந்தக்கூடாது.

கதிரைக்குப் பின்னால் சம்மாட்டி. "மெல்ல, மெல்ல! கால் தட்டுதடா, விசருகளே!" தேவாலயத்தடி, பெரிய றோட்டு, வாய்க்கால், கருவாடு காயும் வாடி. அந்த வெயிலில் அவளுடைய காலின் வேகத்தில் அவரும் நடந்தார். கரையில் கதிரையை வைத்ததும், ராசாவைத் தள்ளிவிட்டுத் தானே அதில் விழுந்தார். சட்டை ஊறிப் போயிருந்தது. எதிரே கல்லெறி தூரத்தில் அவருடைய வீட்டு ஓடு தெரிந்தது. சனம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

"றெஜினா, நாளையிலை இருந்து நீ என்ரை வளவுக்காலை போ."

"நான் மட்டுமோ, சம்மாட்டியார்?"

"நீ மட்டும். காலுக்காக."

வெற்றி என்று நினைத்து, எங்கள் மேளக்காரனுக்கு அடி என்று கண் காட்டினேன். அவ்வளவுதான் என் மூளை.

"அப்பிடியெண்டா வேண்டாம்," என்றாள் அவள். "நான் உள்ளாலை போக மற்றப் பெண்டுகள் சுத்திப் போறதோ? பிறகு என்னோடை ஆர் கதைப்பாளவை?"

"உனக்கெல்லோ கால் ஏலாது!" என்றார் சம்மாட்டி.

"கால்தானே ஏலாது."

சம்மாட்டி ஊறிய சட்டையால் முகத்தைத் துடைத்தார். பிறகு எரிந்து விழுந்தார்.

"எல்லாரும் போய்த் துலையுங்கோ! ஆனா மதிலை நான்தான் இடிப்பன். நீங்கள் இடிச்சா முழுக்க இடிச்சுப் போடுவியள்."

அடுத்த நாள் இரும்பு அலவாங்கோடு அவரே நின்று, கடகத்தோடு ஒரு ஆள் போகிற அளவு திறந்துவிட்டார். பல வருசம் பெண்கள் அதனூடாகக் கரைக்குப் போனார்கள்.

பயிலரங்கு முடிந்த கையோடு அந்த ஒழுங்கைக்குப் போய்ப் பார்த்தேன். சம்மாட்டி செத்துப் போனார். மகன் வெளிநாட்டில் இருந்தபடியே வளவை விற்றுவிட்டான். இப்போது அது உல்லாசப் பயணிகள் தங்கும் விடுதி. மதிலில் அவர் திறந்த வழியைக் கல்லு வைத்து அடைத்து, மேலே கமரா பூட்டியிருக்கிறார்கள். ஒழுங்கைச் சனம் அதைப் படம் பிடித்து வட்சப்பில் போட்டதாம். அழுகிற பொம்மைகள் நிறைய வந்தனவாம். பெரிய போராட்டம்தான்.

சந்தியில் றெஜினா கடகத்தோடு நின்றாள். தலை முழுக்க நரைத்திருந்தது.

"இஞ்சை என்ன செய்யிறாய், பிள்ளை?"

"ஐஸ் லொறி வருமண்ணை. மன்னார் மீன்."

"கரை உதிலை கிடக்க?"

"மற்றப் பெண்டுகள் யாவாரத்தை விட்டிட்டாளவை. சுத்திப் போகக் கால் இனி ஏலாது. உள்ளாலை போக நான் ஒருத்திதான். ஒருத்திக்கு ஆரண்ணை வழி விடுவினம்?"

மதிலுக்கு அப்பால் அலை அடிப்பது எங்கள் இரண்டு பேருக்கும் கேட்டது. லொறி வந்து நின்றது. பெட்டியைத் திறந்தார்கள். மீனின் கண்கள் வெளுத்திருந்தன. அவள் குனிந்து அதைத்தான் கடகத்தில் அடுக்கினாள்.