ஆறடி ஆளுக்கான சைக்கிள்

இன்று ஈப்போவில் ஒரு சைக்கிள் கடைக்குப் போனேன்.

என் கணவர் இறந்த பிறகு, ஒரு வருடமாக அவருடைய சைக்கிளைத்தான் சுங்காய் தோட்டச் சாலையில் ஓட்டுகிறேன். எண்ணெய்க்கான செம்பனைக் குலை ஏற்றிப்போகும் லாரிகள் உடைத்துப்போட்ட சாலை. வீடு திரும்புவதற்குள் கை மரத்து வலிக்கும். அகலமான டயர் போட்டால் போதும் என்று இணையத்தில் படித்திருந்தேன்.

கடைக்காரரிடம் அதைச் சொன்னதும், கொண்டுபோயிருந்த அந்தச் சைக்கிளில் என்னை ஏறி உட்காரச் சொல்லிப் பார்த்தார்.

"இதுல அகல டயர் நுழையாதுலா. நுழைஞ்சாலும் வலி போகாது. ஹேண்டில் உங்களுக்கு எட்டவே இல்ல. ஓட்டுனவரு ஒசரமா?"

"ஆறடி."

"அப்ப இது அவரு அளவு, அக்கா. உங்க அளவு இல்ல."

விற்பதற்காகச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். அகல டயர் போட்ட சிறிய சைக்கிள் ஒன்றைக் கொடுத்து, கடைக்குப் பின்னால் இருந்த கல் பாதையில் சுற்றி வரச் சொன்னார். போய் வந்தேன். கை வலிக்கவில்லை. சந்தேகப்பட எதுவும் மிச்சமில்லை.

"பழச கொடுத்துட்டீங்கனா வெல கொறையும்."

"வேண்டாம்."

அவர் மறுபடி கேட்கவில்லை.

இப்போது வீட்டில் இரண்டு சைக்கிள். ஞாயிறு காலையில் என்னோடு வர ஆறடி உயரமுள்ளவர்கள், ஆணோ பெண்ணோ, இருந்தால் சொல்லுங்கள். நான் மெதுவாகத்தான் போவேன். அவருடைய சைக்கிளைத் தருகிறேன், இரவல்தான்; திருப்பித் தந்துவிட வேண்டும்.