நாற்காலிக்குப் பதிலாக

ஜிக்மாஸின் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். மயக்கம் தெளிந்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்: "ஆகஸ்டுக்குள்ள நிக்க முடியுமா?" ஆகஸ்டில் எங்கள் ஊர்க் கூடைப்பந்து அணி பயிற்சியைத் தொடங்கும். அன்றைக்கு எழுந்து நின்றால் கோச் பதவி அவருக்குத்தான் என்று கிளப் தலைவர் போவிலாஸ் கட்டிலருகே வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

வீட்டில் வைத்துப் பார்க்க என்னைக் கூப்பிட்டார்கள். நான் மறுவாழ்வு வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். எனக்கு முன் வந்த இரண்டு பெண்கள் அழுதுகொண்டே போய்விட்டார்களாம்.

அவரைப் பற்றி எங்கள் ஊரில் தெரியாதவர் இல்லை. இளமையில் சர்க்கரை ஆலை அணிக்கு ஆடினார். எந்த வீட்டு வாசலிலும் குனிந்துதான் நுழைய வேண்டிய உயரம். சோவியத்திலிருந்து லிதுவேனியா விடுதலை பெற்று எல்லை திறந்தபோது அவருடைய நல்ல வருடங்கள் முடிந்திருந்தன. இருந்தும் போலந்திலும் ஜெர்மனியிலும் பெயர் தெரியாத கிளப்புகளில் முழங்காலில் ஊசி போட்டுக்கொண்டு ஆடினார். ஊசி வேலை செய்யாமல் போனதும் திரும்பி வந்து கோச் ஆனார்.

வெளியூரில் தோற்றால் பேருந்தை ஊருக்கு வெளியிலேயே நிறுத்தி, ஆட்டக்காரர்களைப் பனியில் இறக்கி நடக்க விடுவார். அவர் உள்ளே உட்கார்ந்தபடி பின்னாலேயே மெதுவாக ஓட்டச் சொல்லி வருவார். அந்த வருடங்களில் கோப்பை கிடைத்தது. அதனால் பெற்றவர்கள்கூட வாயைத் திறக்கவில்லை. மனைவி மட்டும் பொறுக்காமல் போய்விட்டாள். பிறகு சர்க்கரை நோய் வந்தது. பாதத்தில் புண் அழுகியபோதும் அதைச் செருப்புக்கடி என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

செயற்கைக் காலை மாட்டி நடக்க வைப்பது என் வேலை.

"வலிக்குது, சிஸ்டர்."

"வலிக்கத்தான் செய்யும். நடங்க."

"நீங்க என் டீம்ல இருந்திருக்கணும்."

"இருந்திருந்தா உங்களை அப்பவே கொன்னிருப்பேன். கம்பைக் கீழ வைங்க."

வசந்தத்தில் கம்போடு நடந்தார். ஜூலையில் கம்பில்லாமல் சமையலறைக்கு வந்து, நின்றபடியே பீட்ரூட் சூப் குடித்தார். வெட்டிய இடத்தில் தோல் உரிந்திருந்தது. கட்டுப் போட்டேன். பயிற்சி நாளுக்கு முன் ஆறட்டும் என்றேன். கேட்கவில்லை.

அந்த நாளில் அரங்குக்குக் கூட்டிப்போனேன். வாசலிலேயே விசில் சத்தம் கேட்டது. உள்ளே விகான்டாஸ் பயிற்சியைத் தொடங்கிவிட்டிருந்தான். அவரிடம் ஆடி, அவருக்கே உதவிக் கோச்சாக இருந்தவன். போவிலாஸ் சுவரில் ஒட்டியிருந்த விளம்பரத்தைப் படித்துக்கொண்டிருந்தார்.

"ஜூன்லயே ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டாச்சு, கோச்" என்றான் விகான்டாஸ். "என் இடத்துல நீங்க இருந்தா என்னை ஒரு நாள்கூடக் காத்திருக்க விட்டிருக்க மாட்டீங்க."

"மாட்டேன்" என்றார் ஜிக்மாஸ்.

"சும்மா திரும்பிப் போக வேண்டாம். நிக்கிறதுக்காகத்தானே வந்தீங்க? அந்த நாற்காலியை எடுங்கடா. அதுக்குப் பதிலா கோச் நிக்கட்டும்."

ஆட்டக்காரர்கள் சிரித்தார்கள். அது ஸ்கிரீன் பயிற்சி. ஒருவன் தூண் மாதிரி அசையாமல் நிற்பான்; காவல் காப்பவன் பந்தைத் துரத்திக்கொண்டு ஓடிவந்து அவன்மேல் மோதாமல் விலக வேண்டும். பந்தையே பார்ப்பதால் துரத்துகிறவனுக்குத் தூண் தெரியாது. அவன் கூட்டாளிதான் "ஸ்கிரீன்!" என்று கத்திச் சொல்ல வேண்டும். பயிற்சியில் தூணுக்குப் பதில் நாற்காலி வைப்பார்கள்.

போகலாம் வாங்க என்றேன். ஜிக்மாஸ் போய் அந்த இடத்தில் நின்றார். ஒருவர் மாற்றி ஒருவர் உரசிக்கொண்டு ஓடினார்கள். போகிற போக்கில் ஒருவன் அவர் தலையைத் தட்டினான். செயற்கைக் கால் மாட்டிய இடத்தில் இரத்தம் ஊறுவது எனக்குத் தெரிந்தது.

பிறகு ஓவிடியுஸ் வந்தான். அணியின் மிகச் சிறந்த ஆட்டக்காரன். இலையுதிர் காலத்தில் ஸ்பெயினுக்கு ஆடப் போவான் என்று பேச்சு. பந்தைப் பார்த்துக்கொண்டே முழு வேகத்தில் ஓடிவந்தான். ஜிக்மாஸ் அவன் வழியில் அரை அடி நகர்ந்தார். நான் பார்த்தேன். வேண்டுமென்றே நகர்ந்தார்.

பையன் அவர் மார்பில் மோதிப் பறந்து கையை ஊன்றி விழுந்தான். மணிக்கட்டு உடைந்த சத்தம் சுவரோரம் நின்ற எனக்கே கேட்டது. ஜிக்மாஸ் விழவில்லை.

"ஏன்டா ஒருத்தனும் கத்தல?" என்றார்.

"நாற்காலிக்கு எவன் கத்துவான்?" என்று ஓவிடியுஸின் கூட்டாளி அழாத குறையாகச் சொன்னான்.

"இன்னைக்கு நாற்காலி இல்லயே."

நான் அட்டையை மடித்துப் பையனின் கையைக் கட்டினேன். எலும்பு தோலைக் குத்திக்கொண்டிருந்தது. அந்த வருடம் அவனால் பந்தைத் தொட முடியாது என்று அப்போதே தெரிந்துவிட்டது. "ஸ்பெயின்... ஸ்பெயின்..." என்று முனகிக்கொண்டிருந்தான். ஜிக்மாஸ் எனக்குப் பின்னால் வந்து நின்று, "சிஸ்டர், கால் பட்டை இறுக்குது, கொஞ்சம் தளர்த்துங்க" என்றார். காத்திருங்கள் என்றேன்.

மறுநாள் போவிலாஸ் வீட்டுக்கு வந்தார். தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

"இனிமே அரங்குப் பக்கம் வராதீங்க. போலீசுக்குப் போகாம நாங்க விட்டதே பெரிசு."

"பையன் இடத்துல யாரு?"

"ரிமான்டாஸ்."

"அவனுக்குப் பந்தோட இடப்பக்கம் போகத் தெரியாது."

போவிலாஸ் கதவருகே நின்றார். "அப்போ யாரைப் போடுறது?"

ஜிக்மாஸ் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். போவிலாஸ் கதவை அறைந்து சாத்திப் போனார். கார் கிளம்பியபின் ஜிக்மாஸ் என்னிடம் ஒரு பெயரைச் சொன்னார். "கேட்டாச் சொல்லாதீங்க. கெஞ்சினா மட்டும் சொல்லுங்க."

யாரும் கேட்கவே வரவில்லை. ரிமான்டாஸையே ஆட விட்டார்கள்; சுமாராக ஆடினான், போதுமாக இருந்தது. ஜிக்மாஸ் அதற்குப் பிறகு காலை மாட்ட விடவில்லை. எதற்காக நிற்க வேண்டும் என்று கேட்டார். இப்போது வேளைக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கிறேன். செயற்கைக் கால் மூலையில் தூசி பிடித்துக்கொண்டிருந்தது. பெருக்க இடைஞ்சல் என்று அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன்.