ஒரு பாட்டில் கிணற்றுத் தண்ணீர்

இன்றைக்குச் சுற்றுச்சூழல் பொறியாளர் என்று விசிட்டிங் கார்டில் அச்சடித்துக்கொள்கிறார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்களுக்கு அந்தப் பெயரெல்லாம் கிடையாது. கக்கூஸ் இன்ஜினியர். என் மாமனாரே கல்யாணப் பந்தியில் அப்படித்தான் என்னை அறிமுகப்படுத்தினார். பந்தி முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்துத் தொலைத்தேன்.

படிக்கும்போது பெரிய கனவு. ஊர்களுக்கு வரைபடம் போடுவேன். சாக்கடை எந்தப் பக்கம் ஓடவேண்டும், தொழிற்சாலை எங்கே நிற்கவேண்டும், குளத்தை யாரும் தொடக்கூடாது என்றெல்லாம் நான் சொல்வேன், உலகம் கேட்கும். கிடைத்தது என்னவோ திருவள்ளூர் அலுவலகத்தில் ஒரு ஆடுகிற மேஜையும் ஒரு மரப்பெட்டி நிறைய பாட்டில்களும்தான். தண்ணீர் பிடித்துச் சென்னை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவதுதான் வேலை.

கும்மிடிப்பூண்டிப் பக்கம் அப்போது தொழிற்சாலைகள் முளைக்க ஆரம்பித்திருந்தன. முதலில் தொழிற்சாலை வரும். கழிவு எங்கே போகும் என்ற யோசனை அப்புறம் வரும், வராமலும் போகும். கவரைப்பேட்டையிலிருந்து இரண்டு மைல் உள்ளே ஒரு சாயத் தொழிற்சாலை. அதன் கழிவு ஓடையில் இறங்கி, ஒரே ஒரு தெரு இருந்த சின்ன ஊரின் கிணற்றோரம் தேங்கியது. அந்தக் கிணற்றுத் தண்ணீர் குடிக்க லாயக்கில்லை என்று ஆய்வுக்கூடம் ஒரு தாள் கொடுத்தால் போதும், தொழிற்பேட்டையின் மேல்நிலைத் தொட்டியிலிருந்து அந்தத் தெருவுக்குக் குழாய் போட மேலே ஒப்புக்கொண்டிருந்தார்கள். அந்தத் தாளை வாங்கித் தரவேண்டியவன் நான்.

பாட்டில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேர்வதற்குள் மணி பதினொன்று. கிணற்றில் தண்ணீர் ஓரளவு தெளிந்திருந்தது. எனக்கு எரிச்சலாக வந்தது. கிணற்றுக்கு எதிர்வீட்டு அம்மாள் வெளியே வந்தாள். நாற்பது வயதிருக்கும்.

"இப்ப வந்து பாத்தா இன்னா தெரியும் சார்? விடிகாலைல தான் தொறந்து வுடறான். அப்ப வந்து பாருங்க, காப்பித் தண்ணி கணக்கா இருக்கும். மொகம் கழுவ முடியாது. ஒரே பேஜாரு."

விடிகாலைக்குத் திருவள்ளூரிலிருந்து நான் எப்படி வருவது? கவரைப்பேட்டையில் எங்காவது தங்கியிருக்கலாம். தங்கவில்லை. கொசுவுக்குப் பயந்தேன் என்பதுதான் உண்மை. விடிகாலையில் பிடித்து வைக்கச் சொல்லி ஒரு பாட்டிலை அந்த அம்மாளிடம் கொடுத்தேன்.

பாடம் நடத்தினேன், பாருங்கள், அப்படி ஒரு பாடம். பாட்டிலை அலசக்கூடாது, உள்ளே விரல் படக்கூடாது, கழுத்துவரை நிரப்பி உடனே மூடவேண்டும், வெயில் படாமல் வைக்கவேண்டும். எல்லாம் சொன்னேன். எந்தத் தண்ணீர் என்று மட்டும் சொல்லவில்லை. கிணற்றடியில் நின்றுகொண்டு அதை வேறு சொல்வார்களா?

"இதை எடுத்துக்கினு போயி இன்னா சார் பண்ணுவீங்க?"

"மெட்ராஸ்ல பெரிய ஆபீசர் இருக்கார். அவர்கிட்ட கொடுப்போம். அவர் எழுதிக் கொடுத்தாத்தான் உங்க தெருவுக்குப் பைப்பு வரும்."

"குடிச்சுப் பாப்பாரா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாய் சும்மா இருந்ததா? "ஆமாம்மா, ஒரே மடக்குல குடிச்சிட்டு நல்லாருக்கா இல்லையான்னு சொல்லுவார்" என்றேன். அவள் சிரிக்கவில்லை. பாட்டிலை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் போனபோது பாட்டில் ஈரத்துணி சுற்றித் தயாராக இருந்தது. பழுப்புக் கண்ணாடி, உள்ளே இருப்பதன் நிறம் தெரியாது. மூடியைத் திறந்து ஒருமுறை முகர்ந்திருக்கலாம். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. லேபிளில் கிணற்றின் பெயரை எழுதி, கீழே என் கையெழுத்தைப் போட்டேன்.

மூன்று வாரம் கழித்துத் தாள் வந்தது. குடிக்கத் தகுந்த நீர். நிறமில்லை, மணமில்லை, கேடு எதுவுமில்லை. நான்கு தடவை படித்தேன். அன்றைக்கே கிளம்பிப்போய் கிணற்றடியில் நின்றேன். அன்றைக்குத் தண்ணீர் தெளியவே இல்லை. வாளியில் வந்ததை நாற்றத்தில் முகத்தருகே கொண்டுபோக முடியவில்லை.

"ஏம்மா, அன்னிக்கு பாட்டில்ல எந்தத் தண்ணி புடிச்ச?"

"இன்னா சார் இப்படிக் கேக்கறீங்க?" என்றாள், அடிபட்டவள்போல. "இந்த நாத்தத் தண்ணியையா அவ்ளோ பெரிய ஐயாவுக்குக் குடுப்பேன்? எம்பொண்ணு பிரசவத்துக்கு வந்துகீறா. அவளுக்குன்னு கவரப்பேட்ட ரயில் டேசன் கொழாயில ஒரு கொடம் புடிச்சாந்தேன், ரெண்டு மைலு நடந்து. அதுல தான் ஊத்துனேன். வெரல் கூட படல சார், நீங்க சொன்ன மாரியே."

கத்திவிடலாம் என்று வாய் திறந்தேன். யாரைத் திட்டுவது? விருந்தாளிக்கு நல்ல தண்ணீர் கொடுத்தவளையா, கொடுத்தால் குடிப்பார் என்று கதை விட்டவனையா? நானே ஒரு பாட்டில் நிரப்பி எடுத்துக்கொண்டு போனேன்.

என் மேலதிகாரி அந்தப் பாட்டிலைத் தொடக்கூட இல்லை.

"கிணறு ஒண்ணு. ரெண்டு ரிப்போர்ட்டா? எதுய்யா பொய்னு மேலே கேட்டா இன்னா சொல்லுவே? லேபிள்ல கையெழுத்து யாருது?"

"என்னோடதுதான் சார்."

"அப்புறம் இன்னா? ஃபைல் மூடியாச்சு. தொழிற்சாலைக்காரன் ஏற்கனவே ஒரு காப்பி வாங்கிக்கினு போயிட்டான். போ, வேலையப் பாரு."

மனு எழுதினேன். திரும்பி வந்தது. இன்னொன்று எழுதினேன். அது திரும்பிக்கூட வரவில்லை. பாட்டில் என் மேஜைக்கடியில் மாதக்கணக்கில் கிடந்து, ஒருநாள் பெருக்க வந்தவர் கொட்டிவிட்டார். பிற்பாடு எத்தனையோ ஊர்களுக்கு வடிகாலும் குழாயும் வரைந்திருக்கிறேன், பாராட்டும் வாங்கியிருக்கிறேன். அந்த ஒரு தெருவுக்கு என்னால் ஒரு முழக் குழாய் போடமுடியவில்லை. அதை நினைத்தால் இப்போதும் என்மேல் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

இரண்டாவது மனுவுக்கும் பதில் வராதபோதே, உண்மையைச் சொல்லிவிடவேண்டும் என்று கடைசியாக ஒருதரம் அங்கே போனேன். குழாய் வராது, தப்பு என்னுடையது, இதுதான் சொல்லவேண்டியது. பஸ்ஸில் நாலு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். மகள் வாசலில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த அம்மாள் கிணற்றடியிலிருந்து என்னைப் பார்த்துவிட்டு ஓடிவந்தாள்.

"சார், அந்தப் பெரிய ஐயா குடிச்சாரா? இன்னா சொன்னாரு?"

மகள் மடியிலிருந்த குழந்தையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"நல்லாருக்குன்னாரும்மா. எழுதியே கொடுத்துட்டார்."

அவள் முகம் மலர்ந்த மலர்ச்சியை என்னால் பார்க்கமுடியவில்லை. "பாத்தியாடி" என்று மகளிடம் சொன்னாள். "அவரே நல்லாருக்குன்னு சொல்லிட்டாரு. இனிமே பைப்பு போடாம வுடுவாங்களா?"

சொல்லிக்கொண்டே திரும்பிப்போய், வாளியைக் கிணற்றில் இறக்கினாள்.