நம்பிராஜனும் ழகரத் தேர்வும்

ஓரகடத்தில் கார் சீட் தைக்கும் கம்பெனியில் நம்பிராஜனுக்குப் பதினேழு வருஷ சர்வீஸ், பதினேழும் காண்ட்ராக்ட். நீலச் சட்டை போட்டிருப்பதால் சூப்பர்வைசருக்கு அவர் "ஏ, நீலம்". போன வருஷம் அவருடைய மிஷினில் ஒடிசாக்காரன் சுபாஷை உட்காரவைத்துவிட்டு, இவரை அட்டைப்பெட்டி அடுக்க அனுப்பினார்கள். குடியிருக்கும் மண்ணூரில் சுபாஷ் அவருக்குப் பக்கத்து ரூம் வேறு. மனுஷன் வெறுப்பதற்குக்கூட பஸ் ஏறிப் போகவேண்டியதில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் 'தாய்மண் காவல் கட்சி'யின் கிளைச் செயலாளர் ரத்தினம் வந்தான்.

"நம்பிராஜன் அண்ணே, குந்துங்க" என்று சேரை இழுத்துப் போட்டான். "உங்க மிஷின புடுங்கினது யாரு? வெளியாளு. அவன தொரத்தினா உங்க எடம் உங்களுக்கு."

பிடுங்கியது கம்பெனி என்பது நம்பிராஜனுக்கும் தெரியும். ஆனால் கம்பெனி சேர் போடவில்லையே! முழுப் பெயரைச் சொல்லி இந்தப் பக்கத்தில் வேறு யார் கூப்பிட்டார்கள்? அன்றே உறுப்பினர் ஆகிவிட்டார்.

அடுத்து துணைச் செயலாளர் பதவி. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்து ஃப்ளெக்ஸில் போட்டோவோடு பெயர் வரும். அதைச் சொந்த ஊர் நாங்குநேரியில் இருக்கும் மச்சினனுக்கு வாட்ஸப்பில் அனுப்ப, 'பாத்தியால' என்ற வரியை முன்னாலேயே டைப் செய்து வைத்துவிட்டார்.

ஒரே ஒரு வேலைதான் பாக்கி. வாடகை ரூம்களில் ஒவ்வொருவரையும் 'வாழைப்பழம்' சொல்லச் சொல்லி, ழ வராதவர்களை நோட்டில் எழுதவேண்டும். கட்சியே வீட்டுக்காரர்களிடம் பேசி அந்த ஆட்களைக் காலி பண்ண வைக்குமாம்.

முதலில் சுபாஷ்தான். வேறு யார்?

"ஏல சுபாசு, வாளப்பளம் சொல்லு பாப்போம்."

சுபாஷ் பல்துலக்கும் பிரஷை வாயிலிருந்து எடுத்தான். "வாழைப்பழம்."

அப்படியே ரயில்வே அறிவிப்பு அம்மாள். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் 'தாம்பரம் வழியாக, தாம்பரம் வழியாக' என்று கேட்டுக் கேட்டே அவன் தமிழ் கற்றிருந்தான்.

"அண்ணா, நீங்க தப்பா சொல்றீங்க. நாக்கை மடிங்க."

நம்பிராஜன் மடித்தார். "வாளப்பளம்." நீட்டினார். "வாளப்பளம்." வியர்த்துவிட்டது. போன் போட்டு ரத்தினத்தை வரவழைத்தார்.

"தம்பி, நீங்க சொல்லுங்க."

"இன்னாண்ணே இது, சின்னப் புள்ளயாட்டம்? வாயப்பயம்!"

சுபாஷ் சிரிப்பை அடக்கப் போய் நுரையை விழுங்கிவிட்டான்.

ரத்தினம் குரலைத் தாழ்த்தினான். "டெஸ்டு நமக்கு இல்லண்ணே. இவன் பேர எழுது. ஃப்ளெக்ஸ் கடைக்காரன் வெயிட் பண்ணிகினு கீறான்."

நம்பிராஜன் பேனாவைத் திறந்தார். எழுத ஆசைதான், பொய் சொல்வானேன், கை துடித்தது. ஆனால் அது தையல் ஒரு நூல் பிசகினாலும் ரிஜெக்ட் ஸ்டிக்கர் ஒட்டிய கை. நல்ல பீஸில் ஒட்டி அதற்குப் பழக்கமில்லை.

ழ வராதவர்கள். ஒன்று, ரத்தினம். இரண்டு, நம்பிராஜன்.

"யோவ்!" என்றான் ரத்தினம். 'அண்ணே' அத்தோடு போய்விட்டது. "ஒனக்குப் பதவி வேணுமா, வேணாமா?"

"வேணும் தம்பி. ரொம்ப வேணும்."

நோட்டை மட்டும் திருத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஓ.டி.க்குப் போகும் ஷேர் ஆட்டோவிலிருந்து அவர் அந்த ஃப்ளெக்ஸைப் பார்த்தார். முப்பத்தேழு முகங்கள். ஒருவேளை மறந்துபோய்த் தன்னையும் போட்டிருப்பார்களோ என்று கடைசி வரிசைவரை தேடினார். ஆட்டோ கிளம்பியும் கழுத்து திரும்பியபடியே இருந்தது.

பக்கத்து சீட்டில் சுபாஷ். ஃப்ளெக்ஸ் அவருக்கு நன்றாகத் தெரியட்டும் என்று தன் தலையைத் தாழ்த்திக்கொண்டான்.