எந்தச் சோடா?

சவர்க்காரம் எண்ட சாமான் சங்கக்கடையில கண்ணில காட்டாமல் போன காலம் அது. எழுபதுகளின்ர தொடக்கம். வெளிநாட்டுச் சாமான் வராது எண்டு சொல்லிப்போட்டாங்கள். பாணுக்கு விடியமுதல் வரிசை, துணிக்கு வரிசை. உடுப்புத் தோய்க்கவே சவர்க்காரம் இல்லை, நிலம் கழுவவும் ஏனம் விளக்கவும் கக்கூஸ் கழுவவும் எங்க போறது? ஒழுங்கையில எல்லாரும் தலையில கையை வைச்சுக்கொண்டு இருந்தினம். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. ஊத்தையைக் கண்டால் எனக்குக் கோவம்தான் வரும்.

திருகோணமலையில, துறைமுகத்துக்குப் போற ரோட்டில இருந்து பிரியிற ஒழுங்கையிலதான் எங்கட வீடு. துறைமுகப் புழுதியும் எண்ணெய்ப் புகையும் கதவைச் சாத்தினாலும் உள்ள வரும். நான் அடுப்புச் சாம்பலைப் பழைய வேட்டித் துணியில அரிச்சு, சாறு பிழிஞ்ச தேசிக்காய்த் தோலால தொட்டு ஏனம் விளக்கினனான். கறையேறின குத்துவிளக்குக்குப் பழம்புளி. நிலத்துக்கு வேப்பிலை அவிச்ச தண்ணி. தேசிக்காய்த் தோலைப் போத்தலில அடைச்சு, தென்னை வினாகிரி ஊத்தி ஒரு கிழமை வெயிலில வைச்சு வடிச்சால், அடுப்படிச் சுவரில பிடிச்ச எண்ணெய்ப் பிசுக்குக் கையோட வரும். குசினித் தண்ணி போற வாய்க்கால் நாறினால் அப்பச்சோடாவைத் தூவி, அந்த வினாகிரியை மேல ஊத்தினால் போதும். புசுபுசு எண்டு பொங்கும். பிறகு ஒரு வாளி சுடுதண்ணி.

கொஞ்ச நாளில ஒழுங்கை முழுக்க என்ர கைமருந்துதான். "அக்கா, உங்கட வினாகிரி கொஞ்சம் தாங்கோ" எண்டு வருவினம். எனக்கும் தலை கொஞ்சம் வீங்கித்தான் இருந்தது, ஏன் பொய் சொல்லுவான். ஆனால் ஒரு கட்டளை வைச்சிருந்தன். வாயில பட்டால் கெடுதல் செய்யிற ஒண்டாலயும் என்ர வீடு துடைக்கப்படாது. எனக்கு நாலு வயசில ஒரு மகள். கையில அகப்பட்டதை எல்லாம் வாயில வைச்சுப் பாக்கிற பிள்ளை.

என்ர மனிசனுக்கு இது பிடிக்கேல்லை. இவர் துறைமுக வேக்சொப்பில வேலை. "புளியும் சாம்பலுமாய் என்ன கூத்தடிக்கிறீர்?" எண்டு பகிடி பண்ணிக்கொண்டு இருந்தவர், ஒருநாள் பின்னேரம் ஒரு தகரப்பேணியோட வந்தார். உள்ள வெள்ளைத் துகள்.

"இதென்ன?"

"சோடா. வேக்சொப்பில இயந்திரத்துக்கு எண்ணெய் கழுவிறது. உம்மட வாய்க்காலில ஒரு பிடி போட்டுப் பாரும். உம்மட வினாகிரியெல்லாம் பிறகு வேண்டாம் எண்டுவீர்."

அது கோஸ்டிக் சோடா. வேக்சொப்பில ஆருக்கு அவ்வளவு நீட்டாய்ச் சொல்ல நேரம்? எல்லாரும் சோடா எண்டுதான் சொல்லுறது. அதில ஒரு துகள் ஈரக்கையில பட்டு, பக்கத்து வீட்டு ராத்தாவின்ர தம்பிக்குத் தோல் உரிஞ்சது எனக்குத் தெரியும். அவனும் அங்கதான் வேலை.

"இதை இண்டைக்கே கொண்டுபோய்க் குடுங்கோ. பிள்ளை இருக்கிற வீடு."

"ரெண்டும் சோடாதானே. நீர் போட்டால் மருந்து, நான் கொண்டுவந்தால் நஞ்சோ?"

அண்டைக்கு நல்ல சண்டை. கடைசியில பேணியைக் குசினிக் கூரை வளையில, பிள்ளைக்கு எட்டாத உயரத்தில வைச்சார். சம்பளத்துக்குப் பிறகு கொண்டுபோறன் எண்டார். நாள் போச்சுது, பேணி போகேல்லை. என்ர அப்பச்சோடாவோ அருமைச் சாமானாய்ப் போச்சுது. அதை நான் அலுமாரியில, சீலைகளுக்கு நடுவில வைச்சுப் பூட்டி, திறப்பை இடுப்பில சொருகினன்.

அந்த ராத்தாவைப் பற்றிச் சொல்லவேணும். முஸ்லிம் ஆக்கள் அக்காவை ராத்தா எண்டுதான் கூப்பிடுறது, நாங்களும் அப்பிடியே கூப்பிட்டம். வேலிக்கு அங்கால வீடு. புருசன் கடலுக்குப் போறவர். விடியப்புறம் அப்பம் சுட்டு, துறைமுகத்துக்கு வேலைக்குப் போற ஆக்களுக்கு விக்கிறவ. என்ர மகள் கண் முழிச்சவுடன் முகமும் கழுவாமல் வேலிப் பொட்டுக்குள்ளால பூந்து அங்க போயிடுவாள். ராத்தா கடைசியாய் ஒரு கோப்பைத் தேங்காய்த் தலைப்பாலில உப்பும் அப்பச்சோடாவும் கரைச்சு, மாவில ஊத்துவா. அந்தக் கோப்பையில ஒரு விரல் தொட்டு நக்கிறதுதான் என்ர மகளின்ர காலமைச் சாப்பாடு. ராத்தாவும் அதுக்காகக் கொஞ்சம் கூடவாய்ப் பால் பிழிவா. "புள்ள நக்காட்டி அப்பம் பூக்காது" எண்டு சொல்லிச் சிரிப்பா.

ஒருநாள் விடியக்காலமை நான் பாண் வரிசையில நிண்டு, பாதிப் பாணோட வந்தனான். இவர் கதிரையில இருந்து சந்தோசமாய்த் தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு இருக்கிறார்.

"பாத்தீரே, நீர் வேண்டாம் எண்ட சாமானுக்கு ஊரில மதிப்பிருக்கு. ராத்தா வேலியால கூப்பிட்டு, சோடா கொஞ்சம் இருக்கோ எண்டு கேட்டவ. அள்ளிக் குடுத்தனான்."

"எந்தச் சோடா?"

நான் கேட்ட மாதிரியில இவர் கோப்பையைக் கீழ வைச்சார். என்ர கை இடுப்புக்குப் போச்சுது. திறப்பு அங்கதான் இருந்தது. அலுமாரியை ஆரும் திறக்கேல்லை. பிறகு எந்தச் சோடா?

"வாய்க்கால் கழுவத்தானே கேக்கிறா எண்டு நினைச்சனான்," எண்டார். குரல் இறங்கிப் போச்சுது. "நீர்தானே எல்லாருக்கும் வாய்க்கால் கழுவச் சொல்லிக் குடுத்தனீர்."

விடியக்காலமை அப்பம் சுடுறவ சோடா கேட்டால் வாய்க்காலுக்கோ கேப்பா? எனக்கு வாயில வந்ததெல்லாம் சொல்லியிருப்பன், நேரம் இல்லை. அறைக்குள்ள எட்டிப் பாத்தனான். பாயில பிள்ளை இல்லை. போர்வை மட்டும் கிடந்தது.

கையில இருந்த பாண் எங்க விழுந்தது எண்டு எனக்குத் தெரியாது. வேலிப் பொட்டு சின்னன், பிள்ளைதான் பூரலாம். நான் கிடுகைப் பிச்சுக்கொண்டு போனனான். சீலை கிழிஞ்சது. "ராத்தா! ராத்தா! ஊத்தாதேங்கோ! அது அப்பச்சோடா இல்லை!" எண்டு கத்தினன். பதில் இல்லை. அடுப்புப் புகை மட்டும் வந்துது. அந்த நேரத்தில என்ர மகளின்ர அழுகுரல் கேட்டுது.

குசினி வாசலில நிண்டு பாத்தனான். மகள் நிலத்தில குந்தி இருந்து, வலது கையைப் பிடிச்சுக்கொண்டு அழுகிறாள். பக்கத்தில அலுமினியக் கோப்பை கவிண்டு கிடக்குது. பால் சிந்தின இடம் நுரைச்சுக்கொண்டு இருக்குது, கோப்பையின்ர உள்பக்கம் கறுத்துப் போச்சுது. நான் பாய்ஞ்சு பிள்ளையின்ர வாயைத் திறந்து பாத்தன். நாக்கு, உதடு, விரல், எல்லாம் பாத்தன். ஒண்டும் இல்லை. கையில மட்டும் அடி விழுந்த சிவப்பு.

"ராத்தா அடிச்சுப்போட்டா அம்மா," எண்டு தேம்பினாள். "நான் ஒண்டும் செய்யேல்லை. விரல் தொடப் போக அடிச்சுப்போட்டா."

அப்பதான் ராத்தாவைப் பாத்தனான். தண்ணிப் பானைக்குப் பக்கத்தில சீலைத் தலைப்பால வாயைப் பொத்திக்கொண்டு இருந்தா. கண்ணால நீர் ஓடுது. கதைக்க ஏலாது. விரலை மட்டும் பிள்ளைப் பக்கம் நீட்டி, கேள்வி மாதிரிக் கையை விரிச்சா.

"ஒண்டும் இல்லை ராத்தா, பிள்ளைக்கு ஒண்டும் இல்லை," எண்டு சொல்லி நானும் அழுதனான்.

ராத்தாவைக் கிணத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போய் வாளி வாளியாய் அள்ளி வாயைக் கொப்புளிக்க வைச்சம். இவர் தேசிக்காயோட ஓடி வந்தார். "தூர எறியுங்கோ அதை! ஒண்டும் பூச வேண்டாம், தண்ணி அள்ளுங்கோ!" எண்டு கத்தினன். மனிசன் அழுதுகொண்டே அள்ளினார். பிறகு கார் பிடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். உடனே தண்ணியால கழுவினது நல்லது, விழுங்காதது அதைவிட நல்லது எண்டு டொக்டர் சொன்னாராம்.

ஒரு வாரத்துக்குப் பிறகுதான் ராத்தாவால ஒரு மாதிரிக் கதைக்க முடிஞ்சது. சோடாவைப் பாலில போட்டவுடன் நல்லாப் பொங்கினதாம். இண்டைக்குக் கிடைச்சது நல்ல சோடா எண்டு சந்தோசப்பட்டவவாம். உப்புப் பாக்க நாக்கில வைச்சதும், மகள் விரலை நீட்டினதும் ஒரே நேரம். சத்தம் போட வாய் வரேல்லை, அதால கையாலதான் தட்டினவ. அந்தப் பிள்ளைக்கு அந்த வீட்டில விழுந்த ஒரே அடி அது.

வளையில இருந்த பேணியை இவர் இது நடந்த அண்டைக்கே கொண்டுபோயிட்டார். இவர் வேலி கட்டினார், ராத்தா வீட்டுக்கு மாதக் கணக்காய்த் தண்ணி அள்ளினார். ராத்தா ஒரு நாளும் முகம் சுழிக்கேல்லை. எங்கட வீட்டில ஆரும் சோடா எண்டு மொட்டையாய்ச் சொல்லுறதில்லை. இண்டைக்கும் நான் என்ர வினாகிரித் தண்ணியைப் போத்தலில அடைக்க முதல் ஒரு சொட்டு நாக்கில வைச்சுத்தான் பாப்பன். புளிப்பில கண் கூசும். கூசட்டும்.

ராத்தாவின்ர உதடு ஆறிச்சுது. நாக்கு நுனி ஆறேல்லை. உப்புத் தெரியாமல் போச்சுது. அப்பம் கரிக்குது எண்டு ஆக்கள் முணுமுணுக்கத் தொடங்கிட்டினம். அதால பள்ளிக்கூடம் போகுமுன்னம் உப்புப் பாக்கிறது என்ர மகளின்ர வேலையாய்ப் போச்சுது. வருசக் கணக்காய்ப் பாத்தாள். வளந்து பெரிய பிள்ளையானாப் பிறகும், கட்டின புது வேலியைச் சுத்திப் போய்ப் பாத்தாள்.

ஒருநாள் அவளுக்குக் காய்ச்சல். ராத்தா தலைப்பாலோட எங்கட வாசலுக்கே வந்துட்டா. மகளுக்கு நீட்டுமுன்னம் தன்ர வாயில ஒரு துளி வைச்சு, கண்ணை மூடி, கொஞ்ச நேரம் நிண்டா.

"உங்களுக்குத்தான் உப்புத் தெரியாதே ராத்தா. பிறகென்ன பாக்கிறீங்கள்?" எண்டு கேட்டன்.

"உப்பு ஆரு பாத்தா?" எண்டு சிரிச்சா. "எரியுதா எண்டு பாக்கிறன் புள்ள. அண்டையில இருந்து எல்லா நாளும் பாத்துட்டுத்தான் புள்ளைக்கிக் குடுக்கிறன்."